வளநாடு: சோழ ஆட்சியின் நடுப்படி

மன்னார்க் கடலோரத்து மாதோட்டத்தில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாழி குமரன் என்பவர் ஒரு சிவன் கோயில் எடுப்பித்தார். கல்லில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது சோழ மண்டலத்து க்ஷத்திரியசிகாமணி வளநாட்டு வேளார் நாட்டுச் சிறுகூற்றநல்லூர் கிழவன் என்று பொறிக்கச் செய்தார். கோயில் நின்ற இடமும் இதே முறையில்தான் குறிக்கப்படுகிறது: ஈழமான மும்முடிசோழ மண்டலத்து மாதோட்டமான இராசராசபுரம். கோயிலுக்கு இராசராச ஈசுவரம் என்று பெயர்.

கடல் கடந்து வந்த ஒரு நிலக்கிழார் தன் ஊரைச் சொல்ல மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று நான்கு படி இறங்குகிறார். இவற்றில் ஊரும் நாடும் அவருடைய பாட்டன் காலத்திலும் இருந்தவை. வளநாடு அப்படிப்பட்டதல்ல. அவர் பிறந்தபோது அப்படியொரு பிரிவே இருந்திருக்காது. ஆனாலும் அயல்நாட்டுக் கல்லில் அதைச் சேர்க்காமல் தன் முகவரி முழுமையாகாது என்று அவர் நினைத்திருக்கிறார், அல்லது வாசகம் எழுதிய ஓலைக்காரர் நினைத்திருக்கிறார். சில பத்தாண்டுகளுக்குள் ஓர் ஆட்சிப் பிரிவு மக்களுடைய அடையாளத்தில் இவ்வளவு தூரம் ஏறிவிட்டது. அந்தப் பிரிவை யார் ஆண்டார்கள் என்று தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. இந்தக் கட்டுரையின் கவலை அந்த முரண்தான்.

முதலில் நாடு. பல்லவர் செப்பேடுகளிலேயே நாடும் நாட்டாரும் வந்துவிடுகிறார்கள். ஆற்று நீரோ ஏரி நீரோ பாயும் ஒரு பரப்பில் அடுத்தடுத்து எழுந்த உழவர் ஊர்களின் தொகுதி அது. பெரும்பாலும் அதில் உள்ள முக்கியமான ஓர் ஊரின் பெயரே நாட்டின் பெயராகும். சோழநாட்டின் சில பகுதிகளில் அதற்குக் கூற்றம் என்று பெயர். தொண்டை நாட்டில் நாட்டுக்கு மேலே கோட்டம் என்ற இன்னொரு பழைய பிரிவும் உண்டு. காவிரிப் பாசனத்தில் நாடுகள் சிறியவை, நெருக்கமானவை. வானம் பார்த்த நிலத்தில் அகன்றவை. ஒரு நாட்டின் ஊர்கள் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கியவை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து நாட்டு ஊர் நடுவே புகுந்து கிடக்கும். சில நாடுகள் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருந்தன. வரைபடத்தில் கோடிழுத்து உருவாக்கிய எதுவும் இப்படி இருக்காது. உறவும் நீரும் நிலவுரிமையும் சேர்ந்து தானாக விளைந்த அமைப்பு என்பதற்கு இந்த ஒழுங்கின்மையே சான்று.

இராசராசன் 985-இல் பட்டமேறினான். முதல் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் படையெடுப்பில் கழிந்தன. ஏறத்தாழ 1001-இல், அவனுடைய 16, 17-ஆம் ஆட்சியாண்டுகளை ஒட்டி, நில அளவை தொடங்கியது. அதை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டம் வந்தது; அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். மாபலியிடம் மூவடி மண் கேட்டு அளந்த திருமாலின் பெயரை ஒரு வருவாய்த்துறை அலுவலருக்குச் சூட்டுவது துணிச்சலான காரியம். அளவை நடந்த விதத்தைப் பார்த்தால் அந்தப் பட்டத்தை முற்றிலும் மிகை என்று தள்ளவும் முடியவில்லை. வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, முந்திரிகைக்குக் கீழே கீழ் முந்திரிகை, அதற்கும் கீழே இன்னொரு கீழ் என்று கணக்கு போகிறது. ஒரு வேலியில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு வரை தஞ்சைக் கல்வெட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அளவு நிலம் கண்ணுக்குத் தெரியாது, அதில் ஒரு நெல்மணியும் முளைக்காது. வயலில் கோல் பிடித்தவர் அந்த எண்ணைக் கண்டவரல்லர். நீளத்தையும் அகலத்தையும் தரத்தையும் பெருக்கி வகுத்து ஓலையில் கணக்குப் போட்டவர் கண்ட எண் அது. அரசு நிலத்தை எப்படிப் பார்க்கத் தொடங்கியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் தடயம் எனக்குத் தெரியவில்லை. நிலம் ஓலைக்குள் போய்விட்டது.

வளநாடுகள் இந்த அளவையின் கையோடு வருகின்றன. அதற்கு முன்பு காவிரிக் கரை ஊர்களின் முகவரியில் தென்கரை, வடகரை என்ற குறிப்பும் நாட்டின் பெயரும் போதுமானதாக இருந்தன. அளவைக்குப் பிறகு பல நாடுகளைச் சேர்த்து ஒரு வளநாடு என்று வகுத்தார்கள். திருவையாறு இராசேந்திரசிம்ம வளநாட்டுப் பொய்கை நாட்டில் சேர்ந்தது. தஞ்சாவூர் பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்தில். உறையூர்க் கூற்றம் கேரளாந்தக வளநாட்டில். ஆவூர்க் கூற்றமும் வெண்ணிக் கூற்றமும் நித்தவினோத வளநாட்டில். தெற்கே புறங்கரம்பை நாடு அருமொழிதேவ வளநாட்டில். நாகப்பட்டினத்தைச் சேர்ந்த பட்டனக் கூற்றம் க்ஷத்திரியசிகாமணி வளநாட்டில். காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் நடுவே உய்யக்கொண்டார் வளநாடு. மேற்கே காவிரிக்கு வடக்கில் இராசாச்ரய வளநாடு.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இடத்தின் பெயர் அல்ல. அருமொழிதேவன் என்பது மன்னனின் இயற்பெயர். மற்றவை அவன் சூடிய பட்டங்கள். பாண்டிய குலத்துக்கு இடி, கேரளருக்கு எமன், க்ஷத்திரியர்க்கு முடிமணி. நாடு தன் பெயரை ஓர் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டது. வளநாடு தன் பெயரை அரண்மனையிலிருந்து பெற்றது. அதே பட்டங்களில் ஒன்றைத் தாங்கிய உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்றும் திருச்சி நகரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது; ஊர்க்காரர்கள் அதை ஒரு மன்னனின் பட்டமாக நினைத்துச் சொல்வதில்லை.

எல்லைகளிலும் இதே மாற்றம் தெரிகிறது. வளநாட்டுக்கு எல்லை பெரும்பாலும் ஆறு. டெல்டாவில் எல்லை காட்ட ஆற்றைவிட எளிதான பொருள் வேறில்லை, எனவே இது இயல்பான முடிவாகவே தோன்றும். ஆனால் நாடுகள் ஆற்றைத் தாண்டிப் பரவியிருந்தன என்பதை மேலே பார்த்தோம். ஆற்றை எல்லையாக்கியபோது சில நாடுகள் இரண்டாகப் பிளந்து, பாதி ஒரு வளநாட்டிலும் பாதி இன்னொன்றிலும் விழுந்தன. எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வில், கல்வெட்டுகளில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக இன்றைய வரைபடத்தில் குறித்து இதை நிறுவினார். நாடு இயல்பாக எழுந்தது, வளநாடு அரசு வகுத்தது என்ற வேறுபாடு அதற்கு முன்பும் ஊகிக்கப்பட்டிருக்கலாம். ஊர்ஊராகப் புள்ளி வைத்துப் பார்த்த பிறகுதான் அது ஊகத்தின் நிலையைக் கடந்தது. சோழர் ஆய்வில் இதற்கு இணையான பொறுமை தேவைப்பட்ட வேலைகள் சிலவே. நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து 1978-இல் கொண்டுவந்த சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி அவற்றில் ஒன்று.

சரி, எதற்காக இந்தப் பிரிவு?

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தால் ஒரு விடை கிடைக்கிறது. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்கள், மெய்காப்பாளரையும் பண்டாரிகளையும் கணக்கரையும் அனுப்ப வேண்டிய பிரமதேயச் சபைகள், ஊர்ஊராக அழைத்துவரப்பட்டுத் தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட 400 பெண்கள் என்று நீண்ட பட்டியல்கள் அங்கே உள்ளன. ஊர்களுக்கும் சபைகளுக்கும் வளநாடும் நாடும் சேர்த்தே இடம் குறிக்கிறார்கள். ஒரே பெயருடைய ஊர்கள் பல உள்ள தேசத்தில் தலைநகரத்துக் கணக்கர் ஒருவருக்கு இந்தத் தலைப்பு இல்லாமல் வேலை ஓடாது. நாடுகளோ நூற்றைத் தாண்டும். ஆறுகளுக்கிடையே சில பெரிய கட்டுகளாக அவற்றைப் பிரித்து வைத்தால்தான் ஓலைக்கட்டு தேட முடியும்.

இந்தக் கணக்கின் நுணுக்கம் ஒவ்வோர் ஊருக்கும் தொடர்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து வரி கட்டாத நிலத்தைக் கழிப்பார்கள்: ஊர் நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, வெள்ளாளரின் சுடுகாடு, பறையரின் சுடுகாடு. மீதி நிலத்துக்கு இவ்வளவு கலம் நெல் என்று முடியும். வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் என்பது அங்கே தெரியும் வீதம். நெல்லை அளக்க ஆடவல்லான் என்ற மரக்கால். சாதிவாரியாகப் பிரிந்த சேரிகளும் பிரிந்த சுடுகாடுகளும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நிலைபெற்றிருந்தன என்பதை நாம் தெரிந்துகொள்வது ஒரு கழித்தல் கணக்கிலிருந்து. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அந்தக் கல்வெட்டுகள் வேறெதுவும் சொல்ல அக்கறைப்படவில்லை.

உக்கல் கல்வெட்டு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டில் பிறந்த ஆணை அது. பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள், மற்றவர்கள் கட்டும்போது தங்கள் பங்கு வரியைக் கட்டாமல் இரண்டு ஆண்டு முழுதாகக் கடத்தினால், அந்த நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்பது ஆணையின் சாரம். பாக்கிக் கணக்கு 16-ஆம் ஆண்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அதாவது நில அளவை தொடங்கிய காலத்திலிருந்து. இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அளவை புதிய வரித் தொகைகளை உண்டாக்கியிருக்கும், சிலரால் கட்ட முடியாமல் போயிருக்கும், பாக்கி சேர்ந்திருக்கும். ஆணை செல்லும் எல்லையைச் சொல்லும்போது சோழநாடு, தொண்டைநாடு ஆகியவற்றோடு பாண்டிநாடான இராசராச வளநாடும் வருகிறது. இங்கே ஒரு முழு தேசத்தையே வளநாடு என்கிறார்கள். பின்னாளில் அதே பாண்டிநாடு ஒரு மண்டலமாகி, அதற்குள் வளநாடுகள் பல வரும். சொல்லின் அளவுகூட இன்னும் கெட்டிப்படாத காலம் அது.

இனி, யார் ஆண்டார்கள் என்ற கேள்வி. இதற்கு 1006-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உதவும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக இராசராசன் கொடுத்தான். இன்று நெதர்லாந்து நகரம் ஒன்றின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பெரிய லெய்டன் செப்பேடு இதைப் பதிவு செய்கிறது. ஊரின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். வருவாய் 8,943 கலத்துக்குச் சற்று மேல். தஞ்சைக் கல்வெட்டுகளின் வீதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் எண்.

ஆணை நடந்த வழிதான் முக்கியம். மன்னன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதைத் திருமந்திர ஓலை எழுதுகிறார். ஓலைநாயகங்கள் பார்த்து ஒப்புகிறார்கள். பிறகு புரவுவரித் திணைக்களம். அதில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று வேலை பிரிந்திருக்கிறது. அவர்கள் முன்னிலையில் வரிப்பொத்தகத்தில் மாற்றம் பதிவாகிறது. இதுவரை எல்லாம் தலைநகரத்துக்குள். அதன்பின் மன்னனின் திருமுகம் புறப்படுகிறது. யாருக்கு? க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து நாட்டாருக்கும், பிரமதேயக் கிழவர்களுக்கும், தேவதான, பள்ளிச்சந்த ஊராருக்கும், நகரத்தாருக்கும். நாட்டார் எதிர்கொண்டு போய் அதை வாங்கித் தலைமேல் வைத்து, பெண்யானையை எல்லையெங்கும் நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, தங்கள் ஓலையை எழுதிக் கொடுக்கிறார்கள்.

திருமுகத்தில் வளநாடு இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள வளநாட்டின் சார்பில் எவரும் வரவில்லை. மேலே, மண்டலத்துக்கு ஆள் உண்டு: பாண்டிய மண்டலத்தில் இராசராசனின் மகன் இராசேந்திரன் தன் மகனையே சோழபாண்டியன் என்று அபிடேகம் செய்து மதுரையில் இருத்தினான். கீழே, நாட்டுக்கு நாட்டார் உண்டு. அங்கே போய் வேலை பார்க்க நாடுவகை செய்வார், நாடுகூறு செய்வார் என்ற அரசு அலுவலர்களும் உண்டு. இடையில் உள்ள வளநாட்டுக்கென்று ஒரு சபையையோ தலைநகரத்தையோ நிலையான ஆளுநரையோ கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுவதில்லை. திணைக்களத்து அதிகாரிகள் தங்களுக்குள் வளநாடுவாரியாகப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தாலும் அந்தப் பொறுப்பு நடந்த இடம் தஞ்சையோ கங்கைகொண்ட சோழபுரமோ தவிர வளநாட்டு மண் அல்ல.

என் கணிப்பில் வளநாடு ஆளப்பட்ட பிரிவு அல்ல. கணக்கு வைக்கப்பட்ட பிரிவு. மத்திய அலுவலகம் தன் வசதிக்காக ஏற்படுத்திய நடுப்படி.

இந்த முடிவு சோழ அரசின் தன்மை பற்றிய பழைய சண்டைக்குள் நம்மை இழுக்கும். 1930-களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தீட்டிய சித்திரத்தில் சோழர் ஆட்சி பைசாந்தியப் பேரரசை நினைவூட்டும் ஆடம்பரமும் திறமையான அதிகாரிகள் அணிவகுப்பும் கொண்டது. கூடவே கிராம சபைகளின் தன்னாட்சியும் சிறந்து விளங்கியது. இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்பதை அவர் அதிகம் உரசிப் பார்க்கவில்லை. 1980-இல் பர்ட்டன் ஸ்டைன் இந்தச் சித்திரத்தை உடைத்தார். உழவர் சமூகம் தன்னைத் தானே ஆண்டுகொண்ட நாடுகளே உண்மையான அரசியல் அலகுகள், காவிரி மையத்துக்கு வெளியே மன்னனுக்கு இருந்தது பெரும்பாலும் சடங்கு சார்ந்த மேலாண்மைதான் என்றார். நாடு பற்றி அவர் கட்டிய வாதத்தின் அடித்தளத்தில் சுப்பராயலுவின் வரைபடங்கள் இருந்தன. ஆனால் சுப்பராயலு ஸ்டைனின் முடிவை ஏற்கவில்லை. அவரும் கராஷிமாவும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிச் சொற்களையும் காலவாரியாக எண்ணி, இராசராசன் முதல் முதலாம் குலோத்துங்கன் வரையிலான காலத்தில் அரசின் பிடி வலுவாகவே இருந்தது என்று காட்டினார்கள்.

வளநாடு இந்த இரு தரப்பையும் சங்கடப்படுத்துகிறது. வெறும் சடங்கு அரசு என்றால், நூற்றுக்கணக்கான ஊர்களின் முகவரியை ஒரு தலைமுறைக்குள் மாற்றி எழுதியிருக்க முடியாது; இரண்டாண்டுப் பாக்கிக்கு நிலத்தை விற்கச் சொல்லியிருக்கவும் முடியாது; ஈழத்துக் கொட்டியாரத்துக்கு இராசராச வளநாடு என்று பெயரிட்டு, தஞ்சைக் கோயிலின் வருவாய்ப் பட்டியலில் அதை ஏற்றியிருக்கவும் முடியாது. பைசாந்திய அதிகாரத்துவம் என்றாலோ, நடுப்படியில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்யானையைப் பட்டனக் கூற்றத்து நாட்டார் நடத்தியிருக்கக் கூடாது. சோழ அரசு நிலத்தை அறிந்துகொள்வதில் அசாத்திய வலிமை பெற்றிருந்தது. அறிந்ததை நடத்தி முடிக்க அது நாட்டாரையே நம்பியது. நாட்டார் என்றால் நிலம் உடைய வெள்ளாளரும் அவர்களை ஒத்தவர்களும். அரசு அவர்களை விலக்கிவிட்டு நேரே உழுகுடியிடம் போகவில்லை; அவர்களிலேயே செல்வாக்குள்ளவர்களுக்கு மூவேந்தவேளான் என்ற பட்டத்தைத் தன் பெயரோடு சேர்த்துக் கொடுத்து அரசுப் பணிக்குள் இழுத்தது. வளநாட்டுக்குத் தலைவன் இல்லாதது ஒரு குறையாக அன்று எவருக்கும் பட்டிருக்காது. நடுவே ஒரு குறுநிலத் தலைவனை உருவாக்கி வைத்தால் அவன் நாளைக்கு என்ன ஆவான் என்று பழுவேட்டரையரையும் கொடும்பாளூர் வேளிரையும் கண்ட அரசுக்குத் தெரியும்.

வென்ற தேசங்களில் இந்த முறை வெவ்வேறு அளவில் ஒட்டியது. தொண்டைநாடு ஜயங்கொண்டசோழ மண்டலமானது. ஆனால் அதற்குள் கோட்டங்கள் தங்கள் பழைய பெயரோடு நிலைத்தன. கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம், நுளம்பபாடி நிகரிலிசோழ மண்டலம், கொங்கு ஒரு காலத்தில் அதிராசராச மண்டலம், இன்னொரு காலத்தில் வீரசோழ மண்டலம். தென்கோடியில் சுசீந்திரம் இராசராசப் பாண்டிநாட்டு உத்தமசோழ வளநாட்டு நாஞ்சில் நாட்டு ஊராயிற்று. சோழநாட்டுக்குள்ளேயே கூட, பெரும்பற்றப்புலியூர் என்ற சிதம்பரம் எந்த நாட்டிலும் சேராமல் இராசாதிராச வளநாட்டுத் தனியூர் என்று தனித்து நின்றது. ஈழத்தில் பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. 1070-இல் சிங்கள மன்னன் விஜயபாகு சோழரை வெளியேற்றியதும் அந்தப் பெயர்களும் வெளியேறின. தீவின் நிருவாகத்தில் வளநாடு என்ற படி அதற்குப் பிறகு தொடரவில்லை. படை இருந்தவரை பெயர் இருந்தது.

சோழநாட்டுக்குள்ளேயே பெயர்கள் நிலையாக இல்லை. 1070-இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன் தாய்வழியில் மட்டுமே சோழன். தந்தை கீழைச் சாளுக்கியர். 1086-இல் அவன் இரண்டாவது பெரிய நில அளவையை நடத்தினான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நிலப் பதிவேட்டைத் தொகுப்பித்ததும் அதே ஆண்டு. வரலாற்றாசிரியர்கள் இந்த ஒற்றுமையைச் சொல்லி மகிழ்வார்கள், அதிலிருந்து எதுவும் பிறப்பதில்லை. குலோத்துங்கன் காலத்திலும் அவனுக்குப் பின்னும் இராசராசன் வகுத்த வளநாடுகள் பலவும் பெயர் மாறின, சில உடைந்தன. உய்யக்கொண்டார் வளநாட்டின் இடத்தில் உலகுய்யவந்தசோழ வளநாடு தெரிகிறது. திருவாரூர் கேயமாணிக்க வளநாட்டில் வருகிறது. இராசேந்திரசிம்ம வளநாட்டின் பகுதிகள் விருதராசபயங்கர வளநாடு, விக்கிரமசோழ வளநாடு என்று பிரிந்தன. விருதராசன் என்பது மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன். குலோத்துங்கனின் வாழ்நாள் பகைவன். முன்பு பாண்டியருக்கு இடியாக இருந்த பெயர்ப்பலகையில் இப்போது சாளுக்கியருக்குப் பயங்கரம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வளநாடுகள் பெருகின. பெருகப் பெருகச் சிறுத்தன. புதுக்கோட்டைப் பகுதியில் கடலடையாதிலங்கைகொண்டசோழ வளநாடு, ஜயசிங்ககுலகால வளநாடு என்றெல்லாம் வருகின்றன. கடலை அடைக்காமலே இலங்கையை வென்றவன் என்று இராமனை மிஞ்சும் பட்டம் ஒன்று, வறண்ட கோனாட்டின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெயரின் நீளத்துக்கும் ஆட்சியின் பலத்துக்கும் இந்தக் காலத்தில் நேர்மாறான உறவு. நிலம் தனியார் கைகளில் திரண்டது. சம்புவராயர், காடவராயர் போன்ற தலைவர்கள் தங்களுக்குள்ளே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1279-க்குப் பிறகு சோழ மன்னன் எவனும் இல்லை.

நாட்டார் இருந்தார்கள். உண்மையில் இந்த நூற்றாண்டுகளில் அவர்கள் வளர்ந்தார்கள். பல நாடுகளின் உழவர்கள் ஒன்றுசேர்ந்து சித்திரமேழிப் பெரியநாடு என்ற பெயரில் மேழிச் சின்னத்தோடு கூடினார்கள். தொண்டை மண்டலத்தில் எழுபத்தொன்பது நாட்டார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நாட்டைவிடப் பெரிய ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியபோது, அரசு ஆயத்தமாக வைத்திருந்த வளநாட்டை அவர்கள் தங்கள் உடலாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடு நாடாகவே சேர்ந்தார்கள். 1429-இல் விசயநகர அதிகாரிகளின் வரிச்சுமை தாங்காமல் வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்ற சாதிக் கூட்டமைப்புகள் திருவைகாவூர், கொறுக்கை, எலவானாசூர் ஆகிய இடங்களில் கூடி, இன்ன வரிதான் கட்டுவோம் என்று கல்லில் வெட்டின. ஆற்றைக் கோடாக வைத்துச் சோழர் வகுத்த அமைப்பின் குரல் அங்கே கேட்பதில்லை.

விசயநகர ஆட்சி வந்தபோது நிருவாகத்தில் இராச்சியம், சாவடி, சீர்மை, பற்று என்ற வேறு படிகள் வந்தன. வளநாட்டுப் பெயர்கள் சில காலம் கோயில் சாசனங்களின் தொடக்க வரியில் பழக்கத்தால் எழுதப்பட்டன. மண்டலப் பெயர்கள் அவற்றைவிட நீண்ட காலம் நிலைத்தன. ஐரோப்பிய மாலுமிகளின் வரைபடங்களில் சோழமண்டலக் கரை உருமாறி நின்றது. வளநாட்டுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இராசராசனின் பட்டங்களை இன்று தங்கள் வட்டாரப் பெயராகச் சொல்லும் ஊரார் எவரையும் நான் அறியேன். நாஞ்சில் நாட்டையும் கோனாட்டையும் சொல்பவர்கள் உண்டு.

இன்று அந்தப் பெயர்களால் அதிகம் பயன்பெறுவோர் கல்வெட்டு படிப்பவர்கள். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறித் தரித்ததால், மன்னன் பெயரைச் சொல்லாமல் இராசகேசரிவர்மனின் இத்தனையாவது ஆண்டு என்று மட்டும் தொடங்கும் கற்கள் ஏராளம். அது முதலாம் ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தரசோழனா, இராசராசனா என்று எழுத்தமைதியை மட்டும் வைத்து முடிவு செய்வது கடினம். ஊரின் முகவரியில் வளநாடு வந்தால் முதல் மூவரையும் தள்ளிவிடலாம். திருவிடைமருதூரை எடுத்துக்கொண்டால், தென்கரைத் திரைமூர் நாடு என்று மட்டும் இருக்கும் கல் பெரும்பாலும் 1000-க்கு முந்தியது; உய்யக்கொண்டார் வளநாட்டுத் திரைமூர் நாடு என்றால் இராசராசன் வகுப்புக்குப் பிந்தியது; உலகுய்யவந்தசோழ வளநாட்டுத் திரைமூர் நாடு என்றால் குலோத்துங்கனையோ அவனுக்குப் பின்வந்தவர்களையோ பார்க்க வேண்டும். பெயர் மாறிய ஆண்டு எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதால் பத்து இருபது ஆண்டு முன்பின் இடம் விட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.